கிழிக்க ஆளில்லாத சுவர்

– மூச்சு வாங்கிட்டுச் சொல்லுடா. இடிக்கிறாங்களா, இல்லையா?

– ரோடு போட இந்தத் தெருவை இடிக்க வந்த வண்டிக்கு டிரைவரே நான்தான். உன் வீட்டுல உக்காந்து தண்ணி குடிச்சிட்டிருக்கேன். அப்புறம் என்னக்கா கேள்வி?

– அதான் நம்ப முடியல. மூட்டை முடிச்செல்லாம் கட்டி வாசல்ல வெச்சாச்சு...

– பிரி. எல்லாத்தையும் பிரி.

– விளையாடாத. காலையில வருவேன்னவன் மத்தியானம் வந்து நிக்கிற.

– வண்டிச் சாவியக் காணோம். தேடித் தேடி எடுத்துட்டு வந்தா, தெருக்கோடிச் சுவர் முழுக்க ஒரு படம். அந்தச் சுவர்லதான் முதல்ல கை வெக்கணும்.

– என்ன படம்?

– தெரியாது உனக்கு?

– நான் பாத்திரம் கட்டிட்டிருந்தேன். தெருவை எங்க பார்த்தேன்?

– சரி... சரி. ஒரு பெரிய இடிக்கிற வண்டி, ஒரு வீட்டைக் கடிச்சுத் திங்குது. அத்தனையும் வெட்டி ஒட்டினது. வண்டிக்குப் பல்லு தலைவரோட பல்லு. சக்கரம் அவரு மூக்குக்கண்ணாடி. விழுற செங்கல் ஒவ்வொண்ணும் அவரு சிரிச்ச முகம். எல்லாம் அரசாங்கம் ஊரெல்லாம் ஒட்டின போஸ்டரு.

– அடப்பாவமே. கிழிச்சிருப்பாங்களே?

– யாரு கிழிக்கிறது? தலைவர் படத்துல கீறல் விழுந்தா ஜெயிலு. முடிவெட்டுறவரு கண்ணாடி துடைச்ச பேப்பர்ல தலைவரோட காது இருந்துச்சுன்னு உள்ள தள்ளினாங்களே, மறந்துட்டியா?

– மறப்பேனா? அவர் பொண்டாட்டி என் தையல் கடையிலதான் பித்தான் தைக்கிறா. வாயத் திறந்து பேசியே பல நாளாச்சு.

– ஆபீசர் இடின்னாரு. "எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார், தலைவர் மூஞ்சியில ஏத்துறேன்"னேன். பேனாவை எடுத்தாரு... மூடி வெச்சிட்டாரு.

– ஐயோ. அப்புறம்?

– மேல போன் போட்டாரு. அவங்க அதுக்கும் மேல போட்டாங்க. ஒருத்தரும் கையெழுத்துப் போடல. துணியப் போட்டு மூடுன்னாங்க. "ஆணி எங்க அடிக்கிறது, கண்ணுலயா"ன்னு ஒரு பெரியவர் கேட்டாரு. தெருவே சிரிச்சுது. உன் கடைப் பித்தான்காரம்மாவும்தான்.

– அவளா சிரிச்சா?

– வயித்தப் புடிச்சிட்டு.

– ...கடைசியில?

– ரோட்டைக் காலி மைதானத்து வழியாப் போடச் சொல்லி உத்தரவு வந்துடுச்சு. அதுல மட்டும் கையெழுத்து இருக்கு. தெரு தப்பிச்சுதுக்கா. நாம ஜெயிச்சுட்டோம்.

– எனக்கு அழுகையா வருதுடா.

– அழு. கையைக் கழுவிட்டு அழு.

– ஏன், கையில என்ன?

– நகமெல்லாம் பசை. அந்தப் படத்துச் செங்கல் ஒவ்வொண்ணும் ஓரம் பல்லு பல்லா இருக்கு. நூல் பிரியாம துணி வெட்டுவீங்களே, அந்தக் கத்தரி. இந்தத் தெருவுல எத்தனை டெய்லர்?

– ...ஆபீசர் கவனிச்சாரா?

– அவரு தன் சட்டைப் பித்தானையே மாத்திப் போட்டுட்டு வர்ற ஆளு.

– போடா. ஆனா ஒண்ணு, அந்தச் சாவி தொலைஞ்சதுதான் நம்ம நல்ல நேரம். காலையிலயே வந்திருந்தா பசை ஈரமா இருந்திருக்கும். ஒரு கீறல் விழாம அப்படியே உரிச்சு எடுத்திருப்பாங்க.

– தெரியும்க்கா. வேலைக்குப் போறப்ப ஏணி மேல உன்னைப் பார்த்தேன். அதான் சாவிய சட்டைப்பையில வெச்சுக்கிட்டே ஆபீஸ் பூராத் தேடினேன்.