கால் வராத படங்கள்

உங்கள் அறையில் நல்ல வெளிச்சம் இருக்கிறது. வடக்குப் பார்த்த ஜன்னல், நாள் முழுக்க ஒரே சீராக வரும். கம்பி மட்டும் இல்லையென்றால் இதை வாடகைக்கே கேட்டிருப்பேன். டீ போதும், நன்றி. கேட்டதைச் சொல்கிறேன்.

நான் கேமராவுக்கு ஸ்டாண்ட் வைத்துக்கொள்வதில்லை. பதினெட்டு வருடமாகக் கையில் பிடித்தே படம் எடுக்கிறேன். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்த வேண்டும். விலங்கின் இரண்டு கண்ணில் நமக்குக் கிட்டே இருப்பது எதுவோ அதில்தான் குறி. பேட்டி கேட்டவர்களிடமெல்லாம் இதைத்தான் சொன்னேன், ஒரு சொல்லும் பொய்யில்லை. விலங்கு ஏன் அசையாமல் இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் ஓணான். ஃப்ரிட்ஜில் கால் மணி நேரம் வைத்து எடுத்தால் வைத்த இடத்தில் உட்காரும். காய்கறித் தட்டைத் திறந்து அதைப் பார்த்துவிட்டு என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு முயல், நரி. கம்பிச் சுருக்கில் ஒரு கால் மாட்டிவிட்டால் போதும், முகத்தை நிதானமாக எடுக்கலாம். என் படங்களில் கால் வராததற்கு அதுதான் காரணம். அது என் தனிப் பாணி என்று ஒருவர் கட்டுரையே எழுதினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்று நினைக்காதீர்கள். படத்துக்கு வெளியே விட்டேன், அவ்வளவுதான்.

மச்சினன் போன வருடம்தான் என்னோடு சேர்ந்தான். மனைவிக்கு ஒரே தம்பி. லாரி ஓட்டியவன், வேலை போய் வீட்டில் இருந்தான். "மோட்டுவளையப் பாத்துக்கிட்டே கெடக்கான், கூட்டிட்டுப் போங்களேன்" என்று அவள்தான் சொன்னாள். நல்லவன். சுருக்கில் கிடந்த நரியிடம், "கொஞ்சம் சிரிங்க சார், பொண்ணு வீட்டுல போட்டோ கேக்கறாங்க" என்பான். படம் எடுத்ததும் கம்பியை வெட்டி விடுவது அவன் வேலை. அந்த நரி மூன்று காலில் போனது. அன்று அவன் சாப்பிடவில்லை.

இந்த வருடப் போட்டியில் என் படங்களைத் திருப்பி அனுப்பினார்கள். துல்லியத்தில் குறையில்லை, கண்ணில்தான் உயிரில்லை என்று ஒரு வரி. எனக்கு அது மிகவும் வலித்தது. உண்மையாக இருந்ததால் வலித்தது. மாட்டிக்கொண்ட விலங்கு முதல் நாள் இழுக்கும். இரண்டாம் நாள் நம்மையே பார்க்கும். அதற்குப் பிறகு எதையும் பார்க்காது. இங்கே வந்து நான்கு நாள் ஆகிறது, எனக்கும் புரிகிறது.

காட்டோரத்தில் கைவிட்ட பம்ப் ஹவுஸ் ஒன்று இருக்கிறது. ஒரு இரும்புக் கதவு, சுவரில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு சின்ன ஓட்டை. உள்ளே தேன் வைத்து, கம்பிச் சுருக்கில் பின்னங்கால் மாட்டும்படி செய்து கரடியைப் பிடித்தேன். இரண்டு நாள் பழத்தில் மயக்க மருந்து கலந்து கொடுத்தோம். மூன்றாம் நாள் காலையில் அது கம்பியைக் கடித்துக் கடித்து வாய் கிழிந்து படுத்திருந்தது.

மச்சினன் கட்டரைக் கையில் எடுத்தான். "பாவம் மாமா. இத அவுத்து விட்டுட்டு வீட்டுக்குப் போய் அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேன். நீங்க என்ன வேணா நெனச்சுக்குங்க."

"சொல்லு மாப்ளே. நானும் ஓஞ்சு போயிட்டேன்" என்றேன். "மருந்துல கெடக்கு, ஒண்ணும் பண்ணாது. பின்னால போய் வெட்டு. நான் கதவுகிட்ட நிக்கறேன்."

அன்று நான் மருந்து கலக்கவில்லை. கண்ணில் உயிர் வேண்டுமென்றால் கலக்கக் கூடாது.

கதவைத் திறக்க ஓடினேன், தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது என்று நேற்று எழுதிக் கொடுத்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள் நன்றாகவே இருந்தது. அவன் குனிந்ததும் நான்தான் போட்டேன். கரடி வெளியே வந்து ஊருக்குள் போய்விடக் கூடாது என்றுதான் போட்டேன். அதன்பின் ஓட்டைப் பக்கம் போனேன். கம்பி அறுந்த சத்தம் கேட்டது. அது எழுந்து நின்றபோது, பதினெட்டு வருடத்தில் முதன்முறையாக ஒரு விலங்கின் முகத்தைப் பார்த்தேன்.

அவன் இரண்டு முறை, "மாமா, கதவு" என்றான். கோபமே இல்லை, நான் மறந்துவிட்டதாக நினைத்தான் போலிருக்கிறது. பிறகு அக்காவைக் கூப்பிட்டான்.

கரடியை அன்று மாலையே சுட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அதற்கு வருத்தப்படுகிறேன், அதன்மேல் தவறில்லை. என் மனைவி வந்தால் அவளிடம் ஒன்று சொல்லுங்கள். அவள் தம்பியைத் தனியாக விட்டுவிட்டு நான் எங்கும் போகவில்லை. கடைசிவரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒவ்வொரு படத்திலும் நேரம் பதிவாகியிருப்பதை உங்கள் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். நான்கு நிமிடம், அறுபத்தொரு படம். இவ்வளவு தெரிந்தவன் ஏன் அழிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். உங்களுக்குப் போன் செய்வதற்கு முன்னால் அழிக்கத்தான் உட்கார்ந்தேன். கலங்கலாக வந்ததை அன்றன்றைக்கே அழித்துவிடுவது என் பழக்கம். அறுபத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். அழிக்கிற மாதிரி அதில் ஒன்றுமே இல்லை.