உச்சரிப்புப் பட்டியல்

லினக்ஸ் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவுவது, வெளியில் பயமுறுத்துகிற அளவுக்குக் கஷ்டமான காரியம் இல்லை. யாராவது ஒழுங்காகப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தால் இரண்டு சொடுக்கில் முடிந்துவிடும். அந்த யாராவது நான்தான். மென்பொருளை எழுதியவர்கள் வேறு. கடைக்காரர் சர்க்கரை காய்ச்சுவதில்லை, பொட்டலம்தான் கட்டுகிறார்; அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. ஒன்பது வருஷமாகக் கட்டுகிறேன். புதிய பதிப்பு வந்ததும் நான் கட்டி, இது நான் கட்டியதுதான் என்று கணினிக்கு உறுதி சொல்லும் என் கையெழுத்துச் சாவியைப் போட்டு அனுப்புவேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய கணினிகள் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொள்ளும்.

அது பேச முடியாதவர்களுக்கான மென்பொருள். திரையில் தெரியும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் போதும். கேமரா கண்ணைப் படித்துக்கொள்ளும், வாக்கியம் முடிந்ததும் ஒலிபெருக்கி பேசும். என் அண்ணனுக்குக் கை, கால், நாக்கு என்று வரிசையாக நின்றுபோய்க் கண் மட்டும் மிஞ்சியபோது, நானே போய் நிறுவிக் கொடுத்தேன். அதுவரை ஆமாம் என்றால் மேலே பார்ப்பார், இல்லை என்றால் கீழே. மெஷின் வந்த பிறகு அவர் கண்ணை யாரும் பார்க்கவில்லை. காதால் கேட்பது சுலபம் அல்லவா.

அண்ணனுக்கு நல்ல நாளிலேயே வாய் நீளம். குரல் திரும்பி வந்ததும் அவர் பேசிய முதல் வாக்கியம், "ஏண்டி, கூப்பிட்டா உடனே வரத் தெரியாதா?" இரண்டு மணிக்கொரு முறை அவரைப் புரட்டிப் படுக்கவைப்பதும், சளி உறிஞ்சுவதும், உடம்பு துடைப்பதும் அண்ணிதான். சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுவார். எனக்கு அது கேட்டது.

மென்பொருளில் உச்சரிப்புப் பட்டியல் என்று ஒரு கோப்பு உண்டு. மெஷின் ஒரு சொல்லைத் தப்பாகப் படித்தால், இப்படி எழுதியிருந்தால் அப்படிப் படி என்று அதில் சேர்க்கலாம். அண்ணனுடைய கணினியில் நாலைந்து வரி சேர்த்தேன். 'ஏண்டி' என்று எழுதினால் 'ஏம்மா'. 'செத்துத் தொலை' என்றால் 'கொஞ்சம் படுத்துக்கோ'. 'போதும்' என்றால் 'போதும்மா, ரொம்ப நன்றி'. அவ்வளவுதான்.

ஒரே வாரத்தில் வீடு மாறிவிட்டது. அண்ணி தலை வாரிக்கொண்டார். "உங்கண்ணன் முன்ன மாதிரி இல்ல தம்பி. இப்பதான் மனுஷனா இருக்கார்," என்றார். இருபத்தாறு வருஷ தாம்பத்தியத்தில் அவருக்குப் பிடித்த கணவரை நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்குக் காது நன்றாகக் கேட்கும். முதலில் பழுது என்று நினைத்தார். பிறகு சொற்களை உடைத்து, தப்பும் தவறுமாக எழுதிப் பட்டியலை ஏமாற்றப் பார்த்தார். அதனால் என் மடிக்கணினியிலிருந்து நேராகவே குரலை அனுப்ப ஒரு வழி செய்துகொள்ள வேண்டியதாயிற்று. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் தட்டுவேன், அவர் பேசுவார். ஆபீஸ் வேலை பார்க்கிறேன் என்று நினைத்து அண்ணி டீ கொண்டுவந்து வைப்பார். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கட்டும். பார்வைக்குச் சத்தம் கிடையாது.

தவறு நடந்தது பொட்டலத்தில். ஒரு பதிப்பை அவசரமாகக் கட்டியபோது என் மடிக்கணினியில் நகலாக இருந்த அண்ணனுடைய பட்டியலும் உள்ளே போய்விட்டது. பத்தாம் நாள் ஒரு பெண்ணிடமிருந்து புகார் வந்தது. "எங்கப்பா பொறந்ததுலேர்ந்து யாருக்கும் நன்றி சொன்னதில்ல. போன அப்டேட்டுக்கு அப்புறம் ஒவ்வொரு ஸ்பூனுக்கும் சொல்றார். சந்தோஷப்பட முடியல, பயமா இருக்கு." வயதானால் மனம் இளகும் மேடம் என்று பணிவாகப் பதில் எழுதினேன். "அவர் மனசு எனக்குத் தெரியும். உங்க பொட்டலத்துல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தந்தையின் திரையைப் படமெடுத்து, மென்பொருளை எழுதியவர்களுக்கே அனுப்பிவிட்டார்.

அவர்கள் மரியாதையாகத்தான் எழுதினார்கள். சாவியை ஒப்படைத்துவிடுங்கள், இனிப் பொட்டலத்தை நாங்களே கட்டுகிறோம் என்றார்கள். அண்ணன் அப்போது சளி முற்றி ஆஸ்பத்திரியில், சுவாசக் கருவியில் இருந்தார். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக் கணினிப் பிரிவு ஆள் வந்து, பழையதைத் துடைத்துப் புதிதாக நிறுவுவதாக ஏற்பாடு. அதாவது வெள்ளிக்கிழமை அண்ணன் தன் வாயால் பேசுவார். என்ன பேசியிருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். கேட்டால் அண்ணி தாங்குவாரா என்று யோசித்தது நான் ஒருவன்தான்.

கருவியை எடுப்பதா வேண்டாமா என்பதை நோயாளியே தீர்மானிக்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வெவ்வேறு வேளையில் மூன்று முறை சம்மதம் சொல்ல வேண்டும். செவ்வாய் காலை, செவ்வாய் மாலை, புதன் காலை. மூன்று முறையும், "சம்மதம் டாக்டர். என்னை விட்டுருங்க," என்றார்.

"எப்பவும் லேப்டாப்போடவே இருக்கீங்களே சார்," என்றார் நர்ஸ். வேலை அப்படி என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "கண்ணுல தண்ணி நிக்காம ஊத்துது டாக்டர்," என்றார்.

"ஊத்தாதா பின்ன," என்றார் டாக்டர். நல்ல மனிதர். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

கருவியை எடுக்கும்போது அண்ணி அண்ணனுடைய நெற்றியில் கை வைத்திருந்தார். "உன்ன மாதிரி யாரும் என்னைப் பாத்திருக்க முடியாதும்மா," என்று அண்ணன் சொன்னார். அது மட்டும் தேவையில்லாதது, நானாகச் சேர்த்தது. அண்ணி இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடம் நீங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்று நம்புகிறேன்.

மெஷின் பேசியதை மட்டுமல்ல, அண்ணன் கண்ணால் எழுதியதையும் பதிவுசெய்து வைக்கும். உங்கள் மேசைமேல் இருக்கிற தாள் அதுதான். ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். பதிவுகளை அழிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. செவ்வாய் காலையில் எழுதியது வசை. மாலையில் எழுதியது அதைவிட மோசம், அண்ணியையும் என்னையும் சேர்த்து. படித்துப் பாருங்கள், நான் திருத்தியது நியாயம் என்றே உங்களுக்குத் தோன்றும்.

புதன் காலை ஒரே வரிதான். "எடுக்க விடாதடா தம்பி. இனிமே அவளத் திட்ட மாட்டேன்."

அதில் கடுமையாக ஒரு சொல்கூட இல்லை. திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் திருத்தினேன்.