ரிக்காரன் பக்கம்

— மறுபடியும் எங்கீங்க எந்திரிச்சுப் போறீங்க? மோட்டாரு ஓடுதான்னு இதோட நாலு தடவ பாத்தாச்சு.

— தொட்டி ரொம்பியிருக்கும்னு பாத்தேன்.

— ரொம்புனா சத்தம் கேக்கும். சித்த உக்காருங்க. நாளைக்கு பெங்களூர்ல பிளேன் ஏறோணும், பொட்டியில ரெண்டு சட்டகூட அடுக்கல. ஒண்ணு பொட்டிய அடுக்குங்க, இல்லீன்னா அந்த லேப்டாப்ப மூடி வைங்க. நாலு நாளாத் தொறக்கறதும் மூடறதுமாவே இருக்கறீங்க.

— அந்தப் பொண்ணு இன்னைக்கும் எழுதியிருக்குது அம்முணி.

— எந்தப் பொண்ணு?

— கிரேஸ். நம்ம ரிக்குல இருந்த மோசஸோட அக்கா. பதிவுக்கு அடியில, காத்தால அஞ்சு மணிக்கே போட்டிருக்குது.

— அதப் படிக்காதீங்கன்னு சொன்னனில்ல.

— படிக்காம எப்படி இருக்கறது? நாலு வருசமா எழுதறேன், நூத்திப் பன்னெண்டு பதிவு. ஜாம்பியாவுல எந்தக் காட்டுல ரிக்கு வண்டிய நிறுத்திப் போர் போட்டாலும், அன்னைக்கு நடந்தத நாலு வரி போன்ல தட்டி உனக்கு அனுப்பாமத் தூங்குனதில்ல. இத்தன வருசத்துல ஒரு ஆளுகூட இந்த மாதிரி ஒரு கேள்வியக் கேட்டதில்ல.

— எழுதுனது நீங்க. பிழை பாத்து ஏத்துனது நானு. கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் அடிக்கற டிடிபி கடையில உக்காந்துக்கிட்டு, சிங்கம் உறுமுனது, கம்ப்ரசர் நின்னுபோனதுன்னு நூத்திப் பன்னெண்டையும் நாந்தான் படிச்சுப் படிச்சு ஏத்தியிருக்கறேன். அந்த உரிமையில சொல்றேன். அந்த ஒரு பதிவ மட்டும் அழிச்சுப்போடுங்க.

— அழிச்சா?

— அழிச்சா மொதலாளி சொன்னபடி எல்லாம் முடிஞ்சுபோகும். அங்க மாட்டிக்கிட்ட காத்தான் ஊடு வந்து சேந்துருவாரு. நீங்க உங்க பாட்டுக்கு வேலைக்குப் போவீங்க.

— மோசஸு?

— மோசஸ் செத்து ரெண்டு மாசம் ஆச்சுங்க.

— குடிச்சுப்போட்டு அவனே லீவர்ல கைய வெச்சு, இரும்பு ராட அவனே தலமேல எறக்கிக்கிட்டான்னு அங்க போலீசுக்கு எழுதிக் குடுத்திருக்கறாங்க. மோசஸ் ஒரு சொட்டுக் குடிக்க மாட்டான். ஞாயித்துக்கெழமையானா வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு சர்ச்சுல பாடப் போறவன். உனக்கே தெரியும்.

— தெரியும். நீங்க எழுதித்தான் தெரியும். உங்களயே எனக்கு அப்படித்தானுங்க தெரியும். கல்யாணமாகி எட்டு வருசத்துல நீங்க ஊட்ல இருந்தது ஒண்ணர வருசம். போன் போட்டா, சாப்பிட்டயா, பாப்பா தூங்கிட்டாளா. அதுக்கு மேல ஒரு நாயம் வராது உங்க வாயில. அங்க மழ பேஞ்சா தகரக் கொட்டாயில எப்படிச் சத்தம் கேக்கும், இருநூறு அடிக்குக் கீழ இருந்து வர்ற மண்ணு என்ன வாசம் அடிக்கும், பாப்பா பொறந்த சேதி வந்தப்ப நீங்க எங்க போயி நின்னு அழுதீங்க, எல்லாம் பதிவப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அது ஒண்ணுதான் எனக்குப் புருசன்.

— மோசஸ் உன்கூடப் பேசுனானே, ஒருக்கா.

— பேசுனான். "அக்கா, சோறு தின்னாச்சுங்ளா"ன்னு. நீங்க சொல்லிக் குடுத்தத அப்படியே. பாப்பா வெண்ணிலா ரெண்டு நாளு அதயே சொல்லிச் சொல்லிச் சிரிச்சிட்டிருந்தா.

— அவனே கேட்டுக் கத்துக்கிட்டான். ஊட்ல அக்கா கூப்புட்டா நீங்க என்ன கேப்பீங்கன்னு கேட்டான். சொன்னேன்.

— சரி. அந்த அக்கா என்னதான் எழுதியிருக்குது?

— படிக்காதீங்கன்னு சொன்ன?

— நீங்க படிச்சுட்டீங்க. நாலு நாளா அத வயித்துல கட்டிக்கிட்டு சுத்தறீங்க. சொல்லுங்க.

— ரெண்டே வரி. தன்னோட படம் வர்ற பக்கம்னு மோசஸ் அதுக்கு முன்னாடியே காட்டிக் குடுத்திருக்கறான். இப்ப போன்ல மொழிபெயர்த்துப் படிச்சிருக்குது. "ஹி ரிலீஸ்டு த லீவர்"னு வருதாம். "ஹூ ஈஸ் ஹி?"ன்னு கேக்குது. லீவர விட்டான்னு எழுதியிருக்கறீங்களே, யாரு அந்த 'அவன்'னு.

— வேற?

— எங்க அம்மா சர்ச்சுக்குப் போறத நிறுத்திட்டாங்க, குடிகாரனப் பெத்தவன்னு பாக்கறாங்களாம்னு எழுதியிருக்குது. அவ்வளவுதான்.

— அந்தப் பதிவத்தான போலீசுகிட்டயும் கொண்டுபோயிக் காட்டியிருக்குது. அதனாலதான காத்தான் பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சிருக்கறாங்க.

— காகிதத்துல டிரில்லருன்னு, லீவர் புடிக்கற ஆளுன்னு இருக்கறது காத்தான் ஒருத்தன்தான். நான் மெக்கானிக் பர்மிட்டுல போனவன். 'அவன்'னு போட்டிருந்தா காத்தான்னுதான் எடுத்துக்குவாங்க.

— ராமாயி நேத்து கடைக்கு வந்துருந்தாங்க.

— காத்தான் சம்சாரமா? ஜலகண்டாபுரத்துல இருந்தா?

— ஆமாங்க, ரெண்டு பஸ் மாறி. "அவரு அன்னைக்கு அந்த எடத்துலயே இல்லயாமுங்க்கா, ஹெல்பர் பையனக் கூட்டிக்கிட்டு டீசலுக்கு டவுனுக்குப் போயிருந்தாராமுங்க்கா, உங்க ஊட்டுக்காரரு அங்கதான இருந்தாரு, அவர ஒரு வார்த்த எழுதச் சொல்லுங்க்கா"ன்னு அழுகறாங்க. பத்திரிகை அடிக்க வந்தவங்க நாலு பேரு பாத்துக்கிட்டு நிக்கறாங்க.

— நீ என்ன சொன்ன?

— தண்ணி குடுத்தேன். எடப்பாடி பஸ் ஸ்டேண்டு வரைக்கும் கூடப் போயி ஏத்திவிட்டேன்.

— எங்கிட்ட நேத்தே ஏன் சொல்லல?

— சொல்லியிருந்தா நேத்தே நாலு தடவ மோட்டாரப் போயிப் பாத்திருப்பீங்க.

— செல்வி.

— என்னுங்க?

— அந்தம்மா மொகம் எப்படி இருந்துச்சு?

— அத நான் பாக்கலீங்க. போன் அடிக்குது பாருங்க. மொதலாளி, பெரியசாமி அண்ணன். எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கறேன்.

— அண்ணா, சொல்லுங்கண்ணா.

— மாதேசு, சாப்பிட்டயா தம்பி? டிக்கெட்டு வந்துருச்சா? ஆங். அப்பறம், அந்தப் பக்கத்த அழிச்சாச்சா?

— இன்னும் இல்லீங்கண்ணா.

— ஏந் தம்பி? நான் உனக்கு எத்தன ரிக்கு ஓட்டக் குடுத்திருக்கறேன், ஒரு சொல்லு தட்டியிருக்கறயா? இன்னைக்குப் பொழுதோட அங்க நம்ம வக்கீலு ஸ்டேசனுக்குப் போறாரு. அந்தப் புள்ள போன்ல படம் புடிச்சே வெச்சிருந்தாலும், எழுதுன பக்கமே இல்லீன்னா செல்லாதுங்கறாரு. ஒரு வாரத்துல காத்தான் ஊருக்கு வந்துருவான். உனக்கு நான் வேற சைட்டு பாத்து வெச்சிருக்கறேன். வெளங்குதா?

— வெளங்குதுங்கண்ணா. ஆனா மோசஸ் குடிக்கலீங்கண்ணா.

— செத்தவனுக்குக் குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன தம்பி? இருக்கறவன் பொழைக்கோணுமில்ல. நான் யாருக்காவ இந்தப் பாடு படறேன்னு உனக்குத் தெரியாதா? அப்பறம் எதுக்கு நாயம்? வெளங்குதா?

— அண்ணா, நான் செல்வி பேசறனுங்க. பொழுதுக்குள்ள அழிக்க வெச்சுப்போடறனுங்க. நீங்க கவலப்படாம இருங்க.

— நல்லது சாமி. நீதான் வெவரமான புள்ள. எடுத்துச் சொல்லு அவனுக்கு. வெச்சர்றேன்.

— ஏன் அம்முணி அப்படிச் சொன்ன?

— வேற என்ன சொல்லச் சொல்றீங்க? உங்க வாயில இருந்து எதாச்சும் வந்துச்சா? பாருங்க, மறுபடியும் எந்திரிக்கறீங்க.

— உள்ள புழுங்குது.

— கரண்டு போயிருச்சு. பக்கத்து ஊட்டுத் தறியும் நின்னுபோச்சு. எல்லாருக்குந்தான் புழுங்குது, உக்காருங்க.

— லேப்டாப்புல சார்ஜு இருக்குதா பாரு.

— இருவது காட்டுது. அழிக்கறதுக்கு ஒரு நிமிசம் போதுமுங்க.

— அத எங்கிட்டக் குடு. உன்ற போன்ல அந்தப் பதிவ எடுத்து ஒருக்கா படி. சத்தமாப் படி.

— எதுக்குங்க இப்ப?

— நான் எழுதுனத நீ படிச்சு ஒருக்காக்கூடக் கேட்டதில்ல. படி.

— முழுசும் வேண்டாமுங்க.

— நடுவுல இருந்து படி. 'எட்டரை மணி'ன்னு வரும்.

— "காலை எட்டரை மணி. நூற்று எண்பது அடி வரை இறங்கியிருந்தோம். அடுத்த ராடு வின்ச் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. இருபதடி நீள இரும்பு. மோசஸ் அதன் அடியில் நின்று, இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தான். சட்டென்று ஒரு கையை எடுத்து உயர்த்தினான். பொறு என்று அர்த்தம். அதைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தபடியே லீவரை விட்டான்."

— அங்க நிறுத்து.

— நிறுத்திட்டேன்.

— ராமாயி சொன்னது நெசம். காத்தான் டீசலுக்குத்தான் போயிருந்தான், ஹெல்பர் பையனும் அவன்கூடத்தான். ரிக்குகிட்ட இருந்தது ரெண்டே பேருதான்.

— பாப்பாவுக்கு ஸ்கூல் விடற நேரமாச்சு. போயிக் கூட்டிட்டு வாரேன்.

— இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது. உக்காரு.

— வேண்டாமுங்க. சொல்லாதீங்க. சொல்லாத வரைக்கும் ஒண்ணுமில்ல. சொல்லிட்டா அது சொன்னதாப் போயிரும்.

— ரெண்டு மாசமாச் சொல்லாம இருந்து பாத்துட்டேன். சோறு எறங்கல. பாப்பா மடியில வந்து உக்காந்தா எந்திரிச்சுப் போயர்றேன், நீ பாத்திருப்ப. லீவர்ல இருந்தது நாந்தான் செல்வி. முந்தின நாளு பதிவுக்கு யாரோ ஒருத்தரு நல்லா இருக்குதுன்னு நாலு வரி எழுதியிருந்தாங்க. அதப் படிச்சுக்கிட்டே இருந்தேன். எனக்கு அது பெருசு. ஏழாவதோட நின்னவன் எழுதுனத ஒருத்தரு படிச்சுப்போட்டு நல்லா இருக்குதுங்கறாரு. அவன் கையத் தூக்குனத நான் பாக்கல. சத்தம் கேட்டுத்தான் நிமுந்தேன்.

— பெரியசாமி அண்ணனுக்குத் தெரியுமா?

— அன்னைக்கே போன்ல சொல்லிட்டேன். அவருதான் வாயத் தொறக்காதேன்னு சொல்லிப்போட்டு, குடிச்சிருந்தான்னு எழுதிக் குடுக்க வெச்சாரு.

— அப்பறம் எதுக்கு எழுதுனீங்க? அவரே மூடி மறச்சதுக்கு அப்பறம் எதுக்குங்க பதிவுல போட்டீங்க?

— வேற எங்க போயிச் சொல்றது? அங்க எனக்கு இருந்தது அந்தப் பக்கம் ஒண்ணுதான். போலீசுக்குச் சொல்லத் தெகிரியமில்ல. அவங்க அம்மா மூஞ்சியில முழிக்கத் தெகிரியமில்ல. தமிழ்ல எழுதுனா எழுதுனதுமாச்சு, அங்க ஒருத்தருக்கும் தெரியப் போறதில்லன்னு நெனச்சேன்.

— என்ன தட்டிட்டிருக்கறீங்க?

— ஒரு எழுத்து.

— அழிக்கறீங்களா?

— நான் எழுதி அனுப்புனது 'லீவரை விட்டேன்'னு. நீ எழுத்துப்பிழைன்னு நெனச்சு 'விட்டான்'னு மாத்தி ஏத்திப்போட்ட. பதிவு ஏறுன மக்யா நாளு காத்தால தொறந்து பாத்தேன். ஒடனே கூப்புட்டு உங்கிட்டச் சொல்லியிருக்கோணும். சொல்லல. ஒரு நாளு தள்ளிச் சொல்லலாம்னு இருந்தேன். அப்பறம் இன்னொரு நாளு. ஒரு எழுத்துக்குள்ள போயி ரெண்டு மாசம் ஒளிஞ்சு கெடந்திருக்கறேன். அதுக்குள்ள அந்த எழுத்து காத்தானத் தேடிப் போயிப் புடிச்சுக்கிச்சு.

— கைய எடுங்க அதுல இருந்து. ஏங்க, சொல்றதக் கேளுங்க.

— மாத்தி ஏத்திட்டேன்.

— அய்யோ, உங்களப் புடிச்சு உள்ள வெச்சுருவாங்களே.

— கிரேசுக்கும் அடியில போட்டுட்டேன். 'ஹி ஈஸ் ஐ, மாதேஸ்வரன். மோசஸ் நோ டிரிங்க்.' எனக்கு வந்த இங்கிலீசு அவ்வளவுதான். மீதிய நேர்ல போயிச் சொல்லிக்கறேன். டிக்கெட்டு நாளைக்கு இருக்குதில்ல.

— பாப்பாவுக்கு நான் என்ன சொல்றது?

— அப்பன் ஒரு வேலையாப் போயிருக்கறான்னு சொல்லு. படிக்கற வயசு வந்தா அவளே பதிவத் தொறந்து படிச்சுக்குவா. ராமாயிக்கு இப்பவே ஒரு போன் போட்டுப்போடு, காத்தான் வந்துருவான்னு.

— ராமாயிகிட்ட நான் எந்த வாயில பேசறதுங்க?

— உனக்கென்ன? நீ வெசனப்படாத அம்முணி. உன்மேல ஒரு தப்புமில்ல. பிழை கண்டாத் திருத்தறது உன்ற பழக்கம், நாலு வருசமாச் செஞ்சதத்தான் அன்னைக்கும் செஞ்ச. அதப் பாத்துப்போட்டுச் சும்மா இருந்தது என்ற தப்பு.

— இல்லீங்க.

— என்ன இல்ல?

— பிழைன்னு நெனச்சு நான் அத மாத்தலீங்க.