தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

— அந்தப் பைய இங்கன குடுங்க அத்தை. கார் வந்துரும். ஆபரேசனுக்கு இன்னைக்கே வந்து படுக்கணும்னு தேனி டாக்டர் சொன்னாக.

— வரட்டும்லே. செத்த உக்காரு ஈஸ்வரபாண்டி. நெஞ்சக் கிழிக்கப் போறாக, திரும்பி வாறேனோ இல்லையோ. பெத்தவள ஒரு தடவையாச்சும் ஆத்தான்னு கூப்பிடுய்யா.

— இப்ப எதுக்கு அதெல்லாம்.

— ஒனக்கு முன்னாடி ரெண்டக் குழிக்குள்ள வச்சவ நான். நீயும் எமன் கண்ணுல பட்டுறக் கூடாதுன்னுதான், பொறந்த அன்னைக்கே ஒன்ன எதுத்த வீட்டுப் பொன்னாத்தா மடியில போட்டு, ஒரு மொறம் தவிடு குடுத்துத் திருப்பி வாங்குனேன். அடுத்தவ புள்ளைன்னு அவன் நம்பணும்ல? அதான் அத்தைன்னு கூப்பிட வச்சேன்.

— தெரியும். ஊருக்கே தெரியும்.

— பெறகு என்னலே கோவம்?

— கோவமெல்லாம் இல்ல. கீழ விழுந்து முட்டி பேந்து வருவேன். அடுப்படியில இருந்தே, 'தவிட்டுக்கு வாங்குனதுக்கு வலிக்காது'ன்னு சொல்லுவீக. வலிச்சாலும் சொல்லாமப் பழகிட்டேன்.

— நீ அங்கிட்டுப் போனதும் முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டு அழுவேன் ராசா.

— அது எனக்கு எப்பிடித் தெரியும்?

— எமனுக்குத் தெரியக் கூடாதுன்னு பாத்தேன். ஒனக்கும் தெரியாமப் போச்சே.

— இன்னைய வரைக்கும் எனக்குன்னு யாருகிட்டயும் ஒண்ணு கேக்க வரல. கல்லக் கட்டிக்கிட்டேன்னு சொர்ணலதா பொலம்புறா. பாப்பா தூக்கு தூக்குன்னு காலக் கட்டிக்கிட்டுக் கெடக்கும். எனக்குக் கை வரல. இப்பல்லாம் அது கேக்குறதே இல்ல.

— அய்யோ, அந்தப் பாவமும் என் தலையிலயா?

— ஒங்களக் குத்தம் சொல்லல. நம்ம தோட்டத்துத் திராட்சைக் கொடியவே எளசுலதான பந்தல்ல ஏத்துறோம். முத்துனப்புறம் வளைச்சா ஒடியும்ல?

— ஒரே ஒரு தடவைய்யா. உசுரோட இருக்கையில இந்தக் காதுல விழுகட்டும். செத்தப்புறம் ஊரு பாக்க 'ஆத்தா'ன்னு அழுது என்ன செய்ய?

— வாயில வரல. என் ஆயுசுல ஒரே ஒரு தடவதான் அந்த வார்த்தையச் சொல்லியிருக்கேன்.

— எப்பய்யா? எனக்குக் கேக்கலையே?

— ஸ்கூல்ல சேத்த வருசம். நீங்க களையெடுக்கப் போயிருந்தீக. சட்டை டவுசரையெல்லாம் மஞ்சப் பைக்குள்ள அள்ளிக்கிட்டு எதுத்த வீட்டுக்குப் போயி, 'ஆத்தா, என்னையத் திரும்ப வச்சுக்கங்க'ன்னு கேட்டேன்.