கள்ளன் விட்டுச் சென்ற போர்டு

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இருவர். ஜன்னலோரத்தில் இருந்தவரின் மடியில் பைக் நம்பர் போர்டு ஒன்று இருந்தது.

“கள்ளன் நல்லவன், அண்ணாச்சி. வண்டியக் கொண்டுபோனவன் போர்டை மட்டும் கழத்தி எங்க வாசல்ல வச்சிட்டுப் போயிருக்கான்.”

பக்கத்து மீசைக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். “இதுல நம்பர் எங்கன இருக்கு?”

“மேல குலசாமி பேரு, நடுவுல எம் மக பேரு. அந்த அருவா படத்துக்குக் கீழ பாருங்க, பொடிசா இருக்கும்.”

“போலீசுல சொன்னியா?”

“அங்கன இருந்துதான் வாரேன். ஏட்டையா நம்பர் கேட்டாரு. எனக்கு எங்க ஞாபகம் இருக்கு? போர்டை எடுத்து நீட்டுனேன். இப்படிப் போர்டு வைக்கக் கூடாதுன்னு எனக்கே அபராதம் எழுதிட்டாரு!”

“வண்டியே இல்லாதவனுக்கா?”

“ஆமா. களவு கொடுத்தவனுக்கு அபராதம். கள்ளனுக்கு ஒண்ணுமில்ல. இது ஞாயமா அண்ணாச்சி?”

மீசைக்காரர் போர்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“ஏலே, இதை மாட்டிக்கிட்டு ரோட்டுல போனா பிடிச்சிருவாங்கன்னு கள்ளனுக்கே தெரிஞ்சிருக்கு. உனக்குத் தெரியலையே.”

ஜன்னலோரக்காரர் துண்டால் போர்டைத் துடைத்தார்.

“அது கிடக்கட்டும். அடுத்த வண்டிக்கு ஆகும்.”