லிஃப்ட் இல்லாத வீடு

கொட்டாஞ்சேனை பஸ்ஸிலை எனக்கு முன் சீற்றிலை ஒரு புருஷனும் பெண்சாதியும். வெள்ளவத்தையிலை வாடகைக்கு ரெண்டு வீடு பாத்திட்டு வருகினம்.

"லிஃப்ட் இருக்கிற வீடு வேண்டாம்" எண்டா அவ.

"உமக்குத்தானே முழங்கால் வருத்தம். லிஃப்ட் இல்லாத மற்ற வீடு நாலாம் மாடி, எப்பிடி ஏறுவீர்?"

"ஏறுவன். ஆமிக்காரர் வீடு செக்கிங் வந்தால் படியிலை சப்பாத்துச் சத்தம் கேக்கும். லிஃப்டிலை வந்தால் கதவு தட்டேக்கைதான் தெரியும்."

"கேட்டு என்ன செய்யிறது? ஓட ஏலுமே?"

"ஆர் ஓடச் சொன்னது?"

பம்பலப்பிட்டி தாண்டேக்கை அவர் திரும்பவும் கேட்டார்.

"எனக்கு விளங்கேல்லை. அப்ப பால்கனி இருந்தால் நல்லதோ?"

"பால்கனி என்னத்துக்கு? போனமுறை மகனைச் சேட்டில்லாமல் வெறும் மேலோடை கொண்டுபோனவங்கள். சத்தம் கேட்டால் பிள்ளைக்கு ஒரு சேட்டாவது போட்டுவிடலாம்."