பார்வதியம்மாள் யோசிக்கும் நேரம்

இந்தப் பக்கம் உட்காருங்கள், ஞானசம்பந்தன் அண்ணாச்சி. அந்த மூலையில் மின்விசிறிக் காற்று வராது. சித்ரலேகா ஏன் ஒவ்வொரு முறையும் பாதிப் பேச்சில் காணாமல் போனாள் என்று அமெரிக்காவிலிருந்து கேட்க வந்திருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் இருவருக்கும் நடந்த நிச்சயம் முறிவதற்கு முன்பே கேட்டிருக்கலாம்.

தச்சநல்லூரிலிருந்து அவளும் அவள் அம்மா பார்வதியம்மாளும் சாயங்காலந்தோறும் என் இன்டர்நெட் கடைக்கு வருவார்கள். கல்யாணத்துக்கு முன் போனில் பேசக்கூடாது என்று பெரியப்பா உத்தரவு, தட்டச்சு செய்யலாம். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவாயா என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் திரும்பி அம்மாவைப் பார்ப்பாள். "பைய சொல்லுட்டி. பெரியப்பா என்ன நெனைப்பாவன்னு பாக்கணும்லா," என்பார். சாம்பாரில் உப்பு சரியா என்று கேட்டாலும் நாலு பேரைக் கலந்துதான் அந்த வீட்டில் பதில் வரும்.

கடையில் ஆறு கணினிகள், இணையத்தில் ஆறுக்கும் சேர்த்து ஒரே முகவரி. எந்தப் பேச்சு எந்தக் கணினியுடையது என்பதை, இணைப்பைப் பிரித்துக் கொடுக்கும் ரவுட்டர் நினைவில் வைத்திருக்கும். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மௌனமாக இருந்தால் மறந்துவிடும்; பேச்சு அறுந்துபோகும். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று வைக்கிறவன் நான். அவர்கள் வந்து உட்கார்ந்ததும், பார்வதியம்மாள் யோசிக்கும் நேரத்தைவிடச் சற்றுக் குறைவாக வைப்பேன். மற்ற பையன்கள் மூச்சுவிடாமல் அரட்டை அடிக்கிறவர்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

மாப்பிள்ளை குரலையாவது கேட்கலாமே என்று பார்வதியம்மாளே ஒருநாள் இறங்கிவந்தார். குரல் போக ரவுட்டரில் தனியாக வழிவிட வேண்டும். அதற்கு வழியே இல்லை என்றேன். இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பூசாரி உத்தியோகம் எனக்குப் பிடித்துப்போயிற்று.

"மிஷின்ல ஏதும் கோளாறாண்ணே? அவிய ஏன் பாதியிலயே போயிருதாவ?" என்று அவள் ஒருநாள் கண்கலங்கிக் கேட்டாள்.

"நம்ம பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. அவியதான் நிறுத்திருதாவ."

இரண்டு பேருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் மனசாட்சி உண்டு.

திமிர் பிடித்த பெண் என்று உங்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவியது. அவள் பள்ளிக்கூட வேலையை விட்டாள். இப்போது வாசலுக்குக்கூட வருவதில்லையாம்.

ஏன் செய்தேன் என்கிறீர்களா? அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். எல்லாம் அடங்கியபின் பழத்தட்டோடு பெண் கேட்கப் போனேன். புதுச்சட்டையில் விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்ததை வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் பார்த்தேன். அன்றும் பார்வதியம்மாள் யோசிக்கத்தான் ஆரம்பித்தார். சித்ரலேகா அவரைத் திரும்பியே பார்க்கவில்லை.

"வேண்டாம்ணே," என்றாள். நான் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

அந்த வீட்டில் யாரையும் கலக்காமல் சொன்னதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ள முடியுமா, நீங்களே சொல்லுங்கள். அம்மாவோடு பேசி, பெரியப்பாவைக் கேட்டு, பைய சொல்லட்டும் அண்ணாச்சி. நான் யாரையும் அவசரப்படுத்துகிற ஆள் இல்லை.